வண்டலுக்கும் ஒரு பங்கு

சுவாமிமலைப் பட்டறைகளில் மெழுகு உருவின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிச் செய்த உரு அது. விரலிடுக்கில் தேய்த்தால் மாவாய் வழுக்கும் அந்த மண், அம்பாளின் புருவத்தையும் மேகலையின் மணிகளையும் பிசிறில்லாமல் வாங்கிக்கொள்ளும். காய்ந்தபின் வயல் களிமண்ணும் மணலும் கலந்த அடுத்த பூச்சு. அப்புறம் வறட்டித் தீயில் மெழுகு உருகி வெளியேற, அது விட்டுப்போன இடத்தில் பஞ்சலோகம் இறங்கும்.

மெழுகு தேனீ கொடுத்தது. குங்கிலியம் மரத்தின் பிசின், வறட்டி மாட்டுச்சாணம். இந்த வரிசையில் மண் ஒன்றுதான் உயிரற்றது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காவிரி பிறக்கும் குடகு மலையில் பாறையை மழையும் வெயிலும் மட்டுமா பிளக்கின்றன? மரத்தின் வேரும் பாறைமேல் படரும் பாசிப்பூஞ்சையும் அமிலம் கசியவிட்டு அதைக் கரைக்கின்றன. அப்படி உதிர்ந்த துகளோடு காட்டின் மக்கிய இலையும் கலந்து, ஆறு சுமந்து வந்து இறக்கியதுதான் வண்டல்.

அதே மண்ணில்தான் பக்கத்து வயலில் சம்பா நிற்கிறது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தர, தேங்கிய நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி இருக்கிறது. மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை. அது காற்றில் கிடையாது. அதன் பிறப்பிடம் பாறை. பாறையிலிருந்து மண்ணுக்கு வந்து, நெல்லில் ஏறி, வைக்கோலாய் மாட்டின் வயிற்றுக்குள் போய், சாணமாய் வயலுக்கே திரும்புகிறது. அறுவடையோடு மூட்டையில் ஏறிப்போவதை ஈடுகட்ட, ஒரு காலத்தில் வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்தது.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. டெல்டாவின் பாசனம் அதனால் நிலைப்பட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீர்த்தேக்கத்தில் ஓட்டம் நின்றதும் மண் அடியில் படிந்துவிடுகிறது. மதகு வழியே வருவது பெரும்பாலும் தண்ணீர்தான். கீழே எஞ்சிய மணலையும் லாரிகளில் அள்ளிவிட்டோம். 2018-ல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னபோது எண்ணியது தண்ணீரை. அந்தத் தண்ணீரோடு வரவேண்டிய மண்ணும் இந்த ஊருக்குப் பாத்தியப்பட்டதுதான். கடைமடை விவசாயியும் ஸ்தபதியும் சேர்ந்தே அதைக் கேட்கலாம்.