ஒரு மீட்டர் பாத்திரத்தில் ஒரு கிலோமீட்டர் வானம்

சித்திரை வெயிலில் எலவனாசூர்கோட்டை வயல்வெளி காயும்போது, சூடேறிய காற்று மேலெழுந்து ஒரு கிலோமீட்டர் உயரம்வரை புரண்டு கொந்தளிக்கிறது. இந்தக் கொந்தளிப்பின் உந்துதலை ராலே எண் என்ற ஒரே அளவால் சொல்கிறோம். கீழுக்கும் மேலுக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் என்று கொண்டால், அந்த எண் ஒன்றுக்குப் பின் 17 பூஜ்யத்தைத் தாண்டுகிறது. அதே காற்றை ஒரு மீட்டர் பெட்டியில் அடைத்துப் பத்து டிகிரி வித்தியாசம் கொடுத்தாலும் ஏறத்தாழ நூறு கோடிதான் கிடைக்கும். இந்தப் பெரிய இடைவெளியைக் கடக்க, மைனஸ் 268 டிகிரிக்குக் குளிர்ந்த ஹீலிய வாயுவைவிடத் தகுந்த பொருள் இல்லை என்பது என் துணிபு.

அந்தக் குளிரில் ஹீலியம், வாயுவுக்கும் திரவத்துக்கும் வேறுபாடு மறையும் தன் மாறுநிலைப் புள்ளியை நெருங்குகிறது. ஓட்டத்தைத் தடுக்கும் அதன் இயக்கப் பாகுநிலை காற்றினதைவிடச் சில நூறு மடங்கு குறைந்துவிடுகிறது; அது குறையக் குறைய ராலே எண் கூடும். பாத்திரத்தை மாற்றவே வேண்டாம். உள்ளே விடும் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினால் போதும், ராலே எண் ஏறிக்கொண்டே போகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற கே. ஆர். சீனிவாசன், நீமெலா, ஸ்கர்பெக், டானெலி ஆகியோருடன் 2000-இல் வெளியிட்ட, அமெரிக்காவின் ஓரிகனில் நடந்த சோதனையில், ஒரு மீட்டர் உயரப் பாத்திரம் ஒன்றே 10 லட்சத்திலிருந்து ஒன்றுக்குப் பின் 17 பூஜ்யம்வரை போனது. செய்முறையிலும் குளிர் கை கொடுக்கிறது. மேலும் கீழும் உள்ள செம்புத் தகடுகள் வெப்பத்தை அருமையாகக் கடத்துவதால் தகடு முழுவதும் ஒரே சூடு நிற்கிறது; சுற்றிலும் வெற்றிடம் இருப்பதால் கசிவு அற்பம். ஹீட்டருக்குக் கொடுத்த வாட் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவும் வாயு வழியாகத்தான் மேலே போகிறது. இத்தனை நேர்மையான கணக்கு சாதாரண அறையில் அமைவது அரிது.

மேகமும் ஈரமும் பூமிச் சுழற்சியும் இல்லாத பாத்திரம் வானமாகுமா என்று கேட்கலாம். ஆகாது, நாங்கள் வானத்தின் பொம்மை செய்யவில்லை, வெப்பம் ஏறும் விதி ஒன்றைத் தனியே பிரித்துச் சோதிக்கிறோம். வலுவான ஆட்சேபம் வேறு. ராலே எண் பத்து மடங்கானால் கடத்தும் வெப்பம் மூன்று மடங்குக்கு மேல் கூடும் நிலை ஒன்று வரும் என்று 1962-இல் இயற்பியலாளர் கிரைக்னன் கணித்தார். 1997-இல் பிரான்ஸின் கிரெனோபிள் குழு 2.4 மடங்கை நெருங்கியது. ஓரிகனில் இரண்டு மடங்குதான். ஒரே வாயு, இரு விடைகள் என்றால் எதை நம்புவது? மாறுநிலைப் புள்ளிக்கு அருகில் சிறு வெப்ப வித்தியாசமே வாயுவின் குணங்களை மேலும் கீழும் வேறாக்கிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2012-இல் செக் நாட்டின் பிர்னோ குழு இந்தச் சமச்சீரின்மையைத்தான் சுட்டியது. எனவே இந்த முரண் ஹீலியத்தைக் கைவிடக் காரணமாகாது. மாறுநிலைப் புள்ளியிலிருந்து விலகி, இன்னும் பெரிய பாத்திரத்தில் அளக்கவே சொல்கிறது.

ஹீலியம் அரிது என்ற மறுப்பை மட்டும் அப்படியே ஏற்கிறேன். நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் இறக்குமதி. காற்றில் விட்டது திரும்பக் கைக்கு வராது. வாயுவைத் திரும்பப் பிடிக்கும் மீட்புக் குழாய் இல்லாத ஆய்வகம் இச்சோதனையைத் தொடங்கக் கூடாது.