தம்பி செல்வத்துக்கு

கும்பகோணம்
14 நவம்பர் 2022

அன்புள்ள செல்வம்,

போனில் கேட்டால் "நல்லாத்தான்க்கா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடுதாசி என்றால் கடைசி வரைக்கும் படிப்பாய்.

மல்லிகா எல்லாம் சொன்னாள். பெண்டாட்டியே சொல்லிவிட்டாளே என்று அவள்மேல் கோபப்படாதே. நடுராத்திரி எழுந்து, தூங்குகிற பிள்ளை விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்க்கிறாயாமே. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு எழுந்துவிடுகிறாயாம். தீபாவளிக்குக்கூட யார் வீட்டுக்கும் போகவில்லையாம். ஊரே முகக்கவசத்தைக் கழற்றியாச்சு. கல்யாணம், திருவிழா எல்லாம் பழையபடி நடக்கிறது. நீ மட்டும் இன்னும் 2021 மே மாசத்திலேயே நிற்கிறாய்.

அந்த வாரத்தை நான் மறக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு படுக்கை கேட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நீ ஒருத்தனே அலைந்தாய். நான் இங்கே கொரோனா பாசிட்டிவ் என்று அறைக்குள் கிடந்தேன். கடைசியில் அப்பாவைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்தக் கவச உடைக்குள் நின்று தூரத்திலிருந்தே கும்பிட்டாய். பங்காளி இல்லை, கட்டிக்கொண்டு அழ ஒரு ஆள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் ஒருத்தரும் வர முடியவில்லை. துக்கம் கேட்க வருகிற கூட்டமும் ஒப்பாரியும் வெறும் சடங்கில்லை, செல்வம். போனவர் போய்விட்டார் என்று மனசைத் திரும்பத் திரும்ப ஏற்க வைப்பது அதுதான். உனக்கு அது கிடைக்கவேயில்லை. அப்பா போன மறுநாளே மல்லிகாவுக்குக் காய்ச்சல் என்று ஓடினாய். அன்றைக்கு அழாததுதான் இப்போது பயமாகவும் தூக்கமில்லாமலும் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இது உன் கோழைத்தனம் இல்லை. கொரோனா வந்த முதல் வருஷத்திலேயே உலகம் முழுக்க மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் இந்த மார்ச்சில் சொன்னது. தனிமை, சாவு பயம், பறிகொடுத்த துக்கம், பணக்கஷ்டம் எல்லாம் சேர்ந்து செய்தது. பெண்களை இன்னும் அதிகமாகப் பாதித்ததாம். மல்லிகாவையும் பார்த்துக்கொள். அவள் உனக்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விஷயத்துக்கு உன்னைத் திட்டத்தான் வேண்டும். மருந்துக்கடையில் நீயாகக் கேட்டுத் தூக்க மாத்திரை போடுகிறாயாம். அது பழக்கமாகிவிடும்டா. இனி ஒன்றும் கூட்டாதே, சட்டென்று நிறுத்தவும் செய்யாதே. அட்டையோடு டாக்டரிடம் காட்டு, அவர் சொல்கிறபடி குறைக்கலாம். டாக்டர் என்றதும் "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்க்கிறாயா" என்று கத்தினாயாம். 1794இலிருந்து மனுஷர்களைத் தேற்றி அனுப்புகிற மனநல ஆஸ்பத்திரி அது. சினிமாவில் கேலி செய்தால் அது கேவலமாகிவிடுமா? எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், வீட்டுக்காரர் போனபின் உன்னைப்போலத்தான் இருந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. விடாமல் போட்டார், டாக்டரிடம் மனசுவிட்டுப் பேசவும் செய்தார். இப்போது வகுப்பில் அவர் குரல் பழையபடி வராண்டா வரை கேட்கிறது.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசு. மத்திய அரசு போன மாசம் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இருந்தென்ன பயன் என்று ஒரு நிமிஷம் தோன்றினாலும் அந்த நிமிஷமே என்னை எழுப்பு. எந்நேரமானாலும் பரவாயில்லை.

தை அமாவாசைக்கு எல்லோரும் இங்கே வாருங்கள். காவிரியில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, சித்தப்பா, அத்தை, பங்காளிகள் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். அவரைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவோம். அழுகை வந்தால் அழு, நானும் அழுவேன்.

அதுவரைக்கும் காத்திருக்க எனக்கு மனசில்லை. இந்தச் சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை டாக்டரிடம் உன்னோடு நானும் வருகிறேன். ஆபீசில் லீவு சொல்லிவை.

அன்புடன்,
அக்கா