மழை விட்ட பிறகும் முடியாத ஓஃப் சீசன்

முள்ளியவளையில் விளையாட்டுக்கு ஓஃப் சீசன் எண்டால் அது மாரிதான். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி முடியும்வரை கிரவுண்டில் தண்ணி நிற்கும். பிறகு புல் முழங்காலளவு வளரும், மாடுகள் மேய வரும். குளிர் நாடுகளில் கோல்ப் விளையாடுகிறவர்கள் பனிக்காலத்தில் மட்டைகளை உள்ளே வைத்துவிட்டு வசந்தத்தில் திரும்ப எடுப்பார்களே, எங்கட பெடியளும் அப்பிடித்தான். தைப்பொங்கல் முடிய மண்வெட்டியோட இறங்குவார்கள், பிட்ச் செதுக்குவார்கள். மாசி பிறக்கமுன்னம் ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி தொடங்கிவிடும். "ஏன் திரும்பவும் விளையாட வந்தனீங்கள்?" எண்டு அவர்களை ஒருத்தரும் கேட்கிறதில்லை.

எங்கட ஓஃப் சீசன் மழையோட தொடங்கினதுமில்லை, மழையோட முடிஞ்சதுமில்லை. நாங்கள் ஏழு பேர், பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்டம் விளையாடினவர்கள். ஏ.எல். படிக்கத் தொடங்க, "சோதினை முடியட்டும், பிறகு விளையாடலாம்" எண்டார்கள். சோதினை முடிஞ்சுது. பிறகு றிசல்ட் வரட்டும், கம்பஸ் கிடைக்கட்டும், வேலை கிடைக்கட்டும். இப்ப எங்களில் மூன்று பேர் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தில் படிக்கிறம். ஒராள் முன்பள்ளி ஆசிரியை. இரண்டு பேருக்குக் கடையில வேலை. எங்கட ஜீ.கே. கலியாணம் முடிச்சு, இரண்டு வயசில மகள் இருக்கிறாள். (பேர் எழுதாததற்குக் குறை நினைக்காதேங்கோ. நாங்கள் இப்பவும் ஆளை ஆள் பிப் எழுத்தில்தான் கூப்பிடுறம்.) கடைசியாக ஏழு பேரும் ஒன்றாக விளையாடி நாலு வருசம். "இனி விளையாடக்கூடாது" எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடிச்சிருப்பம்.

இந்த மாசியில் திரும்ப இறங்கினம். சனி, ஞாயிறு பின்னேரங்களில். கம்பஸ்காரர் மூன்று பேரும் வெள்ளிக்கிழமை பஸ் பிடிச்சு வரவேணும்.

முதல் வேலை நெருஞ்சி பிடுங்கிறது. மாரிக்குப் பிறகு எங்கட மண்ணில் நெருஞ்சியும் தொட்டாச்சிணுங்கியும் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். சப்பாத்து இல்லாமல் விளையாடிப் பழகின கால்களுக்கு அது சின்ன விசயமில்லை. வலைப்பந்துக்கு முழு மைதானம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். எங்களால் துப்புரவாக்க முடிஞ்சது அதில் அரைவாசி. கோடு போட அடுப்புச் சாம்பல். வளையத்தை வெல்டிங் கடையில சொல்லிப் பழைய தண்ணிப் பைப்பில ஒட்டுவிச்சு, அடியை ரயருக்குள்ள கொங்கிறீட் போட்டு நிறுத்தினம். 3.05 மீற்றர் உயரம் இருக்கவேணும். எங்கடது நாலு விரல் கட்டை. இருக்கட்டும்.

பந்தை எடுத்ததும் ஒன்று விளங்கிச்சு. கை மறக்கேல்லை. நெஞ்சு மட்டத்தில் எறியிற பாஸ் நேராகப் போய்ச் சேர்ந்தது. ஜீ.எஸ். எறிஞ்ச மூன்றாவது பந்தே வளையத்துக்குள்ள விழுந்தது. மறந்தது கால்தான். வலைப்பந்தில் பந்தைப் பிடிச்சிட்டு ஓடேலாது. முதல் ஊன்றின காலைத் தூக்கினால், பந்து கையை விட்டுப் போகமுன்னம் அது திரும்ப நிலத்தில படக்கூடாது. மூன்று செக்கனுக்குள்ள பந்தைக் குடுத்தும் விடவேணும். ஓடி வந்து சடக்கெண்டு நிற்கிற அந்த அசைவை எங்கட முழங்கால்கள் துப்புரவாக மறந்திருந்தன. மூச்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு ஆட்டம் 15 நிமிசப்படி நாலு கால்பகுதி. எங்கட சென்டர் ஆறாவது நிமிசத்தில் குந்தீட்டாள்.

அதனால முதல் இரண்டு கிழமையும் ஆட்டமே வைக்கேல்லை. ஓடி வந்து, முழங்காலை மடிச்சு, இரண்டு காலிலும் இறங்கிப் பழகினம். அவ்வளவுதான். மூன்றாம் கிழமை ஏழு நிமிசக் கால்பகுதி. இப்ப பத்து. நீண்ட நாளைக்குப் பிறகு எந்த விளையாட்டுக்குத் திரும்புறவர்களுக்கும் எங்களால் சொல்லக்கூடியது இதுதான்: முதல் நாளே பழைய வேகத்தைத் தேடாதேங்கோ. கை உங்களை ஏமாத்தும். கை சரியாக இருக்கிறதால கால் தயார் எண்டு நினைச்சிடுவியள்.

உடம்பு இப்பிடித் திரும்பி வரும். ஊர்தான் கொஞ்சம் பிந்தும். "கம்பசுக்குப் போற பிள்ளையளுக்கு இதென்ன வேலை?" எண்டு மதிலுக்கு மேலால கேட்டார்கள். கிரவுண்டில் எங்களுக்குக் கிடைச்ச நேரம் பின்னேரம் நாலிலிருந்து ஐந்து, வெயில் நேரம். ஐந்துக்குப் பிறகு பெடியள். அவங்களைக் குறை சொல்லேலாது, இரண்டு பேர் வந்து கோடு போடவும் உதவினவங்கள். ஆனால் வெயில் தாழ்ந்த நேரம் ஏன் எப்பவும் அவங்களுக்கு எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. ஜீ.கே.யிடம் கேட்ட கேள்வி வேறை. "பிள்ளையை ஆர் பாக்கிறது?" விதிப்படி ஐந்து பேரோடையும் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆனால் ஜீ.கே. இல்லாமல் வளையத்தடியில் ஆர் நிற்கிறது? மகளையும் கூட்டிக்கொண்டு வா எண்டம். இப்ப ஒவ்வொரு கால்பகுதியும் ஒராள் வெளியில் நிண்டு அவளைப் பாக்கிறம். அவளுக்கு விசில்தான் பிடிச்சிருக்கு.

எங்கட ஆட்டத்தில் திரும்பி வருவது எண்டதும் ஞாபகம் வருகிறவர் தர்ஜினி சிவலிங்கம். புன்னாலைக்கட்டுவன்காரி. எல்லாரும் அவரின் உயரத்தைத்தான் கதைப்பார்கள். நாங்கள் பார்க்கிறது ஆண்டுகளை. 2009, 2018, 2022 எண்டு இலங்கை ஆசியக் கிண்ணம் எடுத்த மூன்று தடவையும் அணியில் இருந்தவர். இடையில் தேசிய அணிக்கு வெளியில் நிண்ட காலமும் இருக்கு. கடைசிக் கிண்ணத்தின்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கட முள்ளியவளையிலேயே அகிலத்திருநாயகி அம்மா இருக்கிறா. 2023 கார்த்திகையில், 72 வயதில், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்தவ. எங்கட ஊர்ப் பேர் பேப்பரில் நல்ல செய்திக்காக வந்த நாள் அது. 72 வயதில் ஓடினால் கைதட்டத் தெரிஞ்ச எங்களுக்கு, 23 வயதில் ஓடுற பிள்ளையைக் கண்டால் ஏன் கேள்வி வருகுது?

எங்கட அம்மாமாரில் இரண்டு பேர் வலைப்பந்து விளையாடினவை எண்டது இந்த மாசியில்தான் எங்களுக்கே தெரியும். "இடம்பெயர்ந்தாப் போல விட்டுப்போச்சு" எண்டா ஒராள், அரிசி கிளைஞ்சபடி. 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவை. காணி துப்புரவாக்கினவை, கிணறு இறைச்சவை, வீடு கட்டினவை, எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினவை. விளையாட்டு அந்தப் பட்டியலில் வரேல்லை. போன கிழமை கோட்டுக்கு வெளியில் உருண்ட பந்தை அவ எடுத்துத் தலைக்கு மேலால எறிஞ்சா. நேராகச் சென்டரின் கைக்கு வந்தது. நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அவவும் சொல்லேல்லை.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா வருகுது. பெண்களுக்கான நிகழ்ச்சிகளில் வழமைபோலத் தேங்காய் துருவுதல், சங்கீதக்கதிரை, கயிறிழுத்தல் இருக்கு. வலைப்பந்தையும் சேருங்கோ எண்டு கேட்டம். "எதிர் ரீம் இருந்தால் பாப்பம்" எண்டது பதில். அது ஞாயமான பதில்தான். ஆகவே தண்ணீரூற்று, வற்றாப்பளை, குமுழமுனைப் பக்கம் இதை வாசிக்கிற பிள்ளையள் இருந்தால், எத்தனை வருசத்துக்கு முதல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, ஏழு பேரைச் சேருங்கோ. ஐந்து பேர் எண்டாலும் வாங்கோ. பந்து இருக்கு, பிப் இரண்டு செட் இருக்கு. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. நெருஞ்சி பிடுங்கிற வேலை இன்னும் அரை மைதானத்துக்கு மிச்சம்.