டிராகனின் மூச்சு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு (2014), மாயத் தடுப்பு உடையவருக்கு மந்திரங்களிலிருந்தும் பிற மாய விளைவுகளிலிருந்தும் தப்பப் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளும் சலுகை தருகிறது. டிராகன் உமிழும் நெருப்பு மாய விளைவா? அந்த விதியில் பதில் இல்லை.

நண்பர் ஈராண்டு வளர்த்த பாத்திரம் அதில் சிக்கியது. முதல் உருட்டலில் 4, அடுத்ததில் 17. பதினேழென்றால் பாதிக் காயம், நான்கென்றால் சாம்பல். பழைய உரையாசிரியர்களைப் போல 'பிற' என்ற சொல்லுக்கு நள்ளிரவுவரை பொருள் தேடினோம். "நெருப்பை மூச்சாக விடுவது மாயமில்லையென்றால் எதுதான் மாயம்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். ஆயினும் அது பாம்பின் நஞ்சு போல உடலியல்பு என்று முடிவு செய்தோம். அவர் பாத்திரத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதிப்பகத்தாரின் விளக்கத் தொகுப்பும் அம்மூச்சு மாயமன்று என்றே சொல்வதைப் பின்னர் கண்டோம். அதை அவரிடம் காட்ட எங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.