பல்லும் பாலும்

கரும்பலகையில் ‘பல்’ என்று எழுதி, மெதுவாகப் படிக்கச் சொன்னேன். “பஅ... ல்” என்று படித்த அந்த முதல் வகுப்புப் பெண், “பால், டீச்சர்!” என்றாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அவள் காதில் விழுந்தது பால்தான். அப்படி இழுத்துப் படிக்கப் பழக்கியதும் நான்தான்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண் இமைக்கிற, கை நொடிக்கிற நேரம்தான் ஒரு மாத்திரை. பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். சொல்லிக்கொடுக்கிறவர் மறக்கக் கூடாது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, அடுத்த எழுத்து பிடிபடும்வரை முந்தைய எழுத்தை இழுத்துக்கொண்டே நிற்கும். படம் பாடமாகும், மலை மாலையாகும். குறிலே இப்படி நீண்டுவிட்டால் துணைக்கால் எதற்கு என்று அதற்கு எப்படிப் புரியும்? ‘மமா வந்தர்’ என்று எழுதும் பிள்ளையைக் கவனமில்லை என்று திட்டுவது அநியாயம்.

அதன்பிறகு இழுப்பதை விட்டு, எழுத்துக்கு எழுத்து நிறுத்தச் சொன்னேன். ‘ப’ என்றதும் குரல் நிற்க வேண்டும். யோசிக்கிற நேரம் மௌனமாகப் போகட்டும். குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, நெடிலுக்கு விரலால் ஒரு சாண் இழுப்பு. எழுத்தைக் காட்டுவதற்கு முன்பே ஒரு வாரம் இதுதான் வேலை. குடை, கூடை, முடி, மூடி, விடு, வீடு என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார்கள், இழுப்பார்கள். காது தேறிய பிறகு துணைக்கால் ஒரே நாளில் வந்துவிடும்.

கொம்புக்கு நாளாகும். ஒலியில் மெய்க்குப் பின்னால் வருவது, எழுத்தில் முன்னால் போய் நிற்கிறது. கொடிக்கும் கோடிக்கும் வேறுபாடு கொம்பின் தலையிலுள்ள சின்னச் சுழி மட்டுமே. அந்தச் சுழியும் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்ததுதான். அதற்கு முன் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது முறை. ஓலையில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். பெரியவர்களே இடம் பார்த்துப் படித்த எழுத்து இது. ஆறு வயதுப் பிள்ளை தடுமாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊகாரம் இன்னும் சிரமம். கூ, பூ, மூ, நூ: நாலு எழுத்துக்கு நாலு உருவம். விதி சொல்லி அலைக்கழிக்காமல் கூடு, பூ, மூக்கு, நூல் என்று சொல்லோடு சேர்த்தே மனதில் பதிய வைப்பேன். சுவரில் தொங்கும் அட்டையை ‘க, கா, கி, கீ’ என்று ராகம் போட்டுப் பாடுகிற பிள்ளையிடம் தனியாகக் ‘கூ’வைக் காட்டிப் பாருங்கள். ‘க’விலிருந்து விரல்விட்டு எண்ணி, ஆறாவது விரலில்தான் கண்டுபிடிக்கும். அதைப் படிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐ, ஔ இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். நெடில் வரிசையில் இருந்தாலும், ‘மலை’யில் வரும் லை இரண்டு மாத்திரை ஒலிப்பதில்லை, தட்டுவதா இழுப்பதா என்று பிள்ளை திகைத்துப்போகும்.

அந்தப் பெண் மூன்றாவது வாரம் ‘பல்’லை ஒரே தட்டில் முடித்தாள். அடுத்த வரியில் ‘பால்’ வந்தபோது, நான் சொல்லாமலே விரல் மேசைமேல் நீண்டது.

வீட்டில் பிள்ளையோடு படிக்க உட்காரும் அம்மா அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள்: “இழுத்துப் படி” என்று சொல்லாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் படிக்கட்டும், அதுவரை காத்திருங்கள்.