ஜமைக்காவும் என் தலைப்பும்

2022 ஜனவரியில் ஓர் ஆங்கிலச் செய்தி மொழிபெயர்ப்புக்காக என் மேஜைக்கு வந்தது. 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஜமைக்காவின் நால்வர் பாப்ஸ்லெட் அணி குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருந்தது. அரை மணி நேரத்தில் முடித்து, 'ஃபிரிஜ்ஜில் மட்டும் ஐஸ் பார்த்தவர்கள் பெய்ஜிங் போகிறார்கள்' என்று தலைப்பும் வைத்தேன். அறையே சிரித்தது.

சிரிப்பு என் சொந்தச் சரக்கல்ல. 1993இல் வந்த 'கூல் ரன்னிங்ஸ்' படத்தைப் பிற்பாடு டி.வி.யில் பார்த்திருந்தேன். குளிரில் வெடவெடக்கும் நான்கு இளைஞர்கள், ஓட்டை வண்டி, கடைசியில் கவிழ்ந்த வண்டியைத் தோளில் சுமந்தபடி எல்லைக் கோட்டைத் தாண்டும் காட்சி. ஜமைக்கா என்றால் இதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஒரு வாசகர் போன் செய்தார். "பனிச்சறுக்கு வண்டி என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஓடுவது ஐஸில் அல்லவா?" எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது தலைக்குனிவுதான். மார்கழியில் புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. பழியை மொழி மேல் போட்டுவிட்டு, சரியான சொல்லைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தபோது சொல்லைவிடத் தலைப்புதான் அதிகம் உறுத்தியது. பாப்ஸ்லெட்டின் பாதை, வளைந்து வளைந்து இறங்கும் ஓர் ஐஸ் வாய்க்கால். தொடக்கத்தில் சுமார் 50 மீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே பாய வேண்டும். ஆட்களும் வண்டியும் சேர்ந்து 630 கிலோ வரை இருக்கலாம். அந்த ஓட்டத்தில் பிந்தினால் கீழே போவதற்குள் பின்னடைவு இன்னும் கூடும். ஆகவே வேகமாக ஓடுகிறவர்கள் வேண்டும். ஓட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத ஜமைக்காவைத் தேர்ந்தது கோமாளித்தனமல்ல, கணக்கு. தள்ளுவண்டிப் பந்தயத்தைப் பார்த்து அந்தக் கணக்கைப் போட்டவர்கள் இரண்டு அமெரிக்கர்கள்.

1988இல் கனடாவின் கல்கேரிக்குப் போன அணியின் ஓட்டுநர் டட்லி ஸ்டோக்ஸ், ராணுவ ஹெலிகாப்டர் பைலட். டெவன் ஹாரிஸும் ராணுவ அதிகாரி. மூன்றாமவர் மைக்கேல் வைட். டட்லியின் தம்பி கிறிஸ், அண்ணனுக்குக் கைதட்ட வந்தவர். வேறொருவருக்கு அடிபட்டதால் வண்டியில் ஏறினார். பயிற்சி என்று பார்த்தால் மற்றவர்களுக்கும் சில மாதங்கள்தான். மூன்றாவது சுற்றில் வண்டி கவிழ்ந்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில், ஹெல்மெட்டுகள் ஐஸ் சுவரில் உரச உரசச் சறுக்கிப் போயிற்று. உயிரோடு வெளியே வந்ததே பெரிது. தோளில் சுமக்கவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, பக்கத்தில் நடந்தார்கள். கூட்டம் கைதட்டியது.

படம் அங்கே முடிந்துவிடுகிறது. டட்லி முடிக்கவில்லை. 1992, 1994, 1998 ஒலிம்பிக்குகளுக்கும் போனார். படம் வெளியான நாலைந்து மாதத்தில், 1994 பிப்ரவரியில் நார்வேயின் லில்லஹாமரில் அவருடைய நால்வர் அணிக்குக் கிடைத்தது 14ஆவது இடம், அமெரிக்க அணிகளுக்கு முன்னால். இதைப் படித்தபோது இரவு பதினொரு மணி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பெய்ஜிங்கில் ஜமைக்காவின் நால்வர் அணி 28ஆவதாக, கடைசியாக வந்தது. அந்தச் செய்தியையும் நான்தான் மொழிபெயர்த்தேன். தலைப்பு: 'ஜமைக்கா 28ஆவது இடம்.' சப்பென்று இருக்கிறது என்றார்கள்.

பழைய செய்திக்குத் திருத்தம் போட்டோம்: 'பனிச்சறுக்கு வண்டி என்பதை ஐஸ் சறுக்கு வண்டி என்று படிக்கவும்.' தலைப்பைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.