சித்தப்பாவும் 19 பேட்டரியும்

'பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது 2012 ஜனவரி முதல் வாரத்தில், குமராட்சியில்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 'தானே' புயல். பேருக்கு ஏற்றபடி தானே வந்தது. போன கரண்ட் மட்டும் தானே வரவில்லை! மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன.

தெருவுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு வாடகை ஜெனரேட்டர் வந்தது. மூன்றாம் நாள் அதற்கும் கிறுக்குப் பிடித்தது. இன்ஜின் ஓடுகிறது, வோல்டேஜ் மட்டும் 150-க்கும் 280-க்கும் நடுவே கபடி ஆடுகிறது. அதை அப்படியே கொடுத்தால் மோட்டார் காயில் காலி. வரிசையில் காலிக் குடங்கள். முதல் குடம் எங்கள் சித்தியுடையது.

சித்தப்பா பழைய ரேடியோ மெக்கானிக். "வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ஏ.வி.ஆர். போர்டுலதான் கோளாறு. ஆசிலாஸ்கோப்புல பார்த்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றார். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்கோப் ஒன்று அவரிடம் உண்டு. ஆனால் அதற்கு 230 வோல்ட் ஏ.சி. வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது யார்? அதே ஜெனரேட்டர்!

டிப்ளமோ முடித்தவன் சும்மா இருப்பேனா? "சித்தப்பா, 12 வோல்ட் பேட்டரி 19-ஐ வரிசையா இணைச்சா 228 வோல்ட். ஊர்ல டிராக்டருக்கா பஞ்சம்?"

"ஏண்டா, உள்ளே இருக்கிறது டிரான்ஸ்பார்மர். கரண்ட் முன்னும் பின்னும் ஆடினாத்தான் அது தடுத்து நிறுத்தும். டி.சி. ஆடாது. வெறும் செம்புக் கம்பிதானேன்னு உள்ளே புகுந்துடும். காயில் தோசைக்கல்லாயிடும்டா!"

(இன்றைய லேப்டாப் அடாப்டர் வேறு ஜாதி. வாங்கிய ஏ.சி.யை முதல் வேலையாக 325 வோல்ட் அளவுக்கு டி.சி.யாக்கிக் கொள்ளும். நேரே டி.சி. கொடுத்தாலும் பெரும்பாலும் ஓடும். அதற்காக வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். ஏ.சி.க்கென்று செய்த சுவிட்ச் டி.சி.யை அணைக்கும்போது பொறி அணையாமல் நின்று எரியும்.)

பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு 2என்3055 டிரான்சிஸ்டர்கள், தலைகீழாக மாட்டிய ஒரு 12-0-12 டிரான்ஸ்பார்மர், பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரி. இன்வெர்ட்டர் ரெடி. ஸ்கோப்பில் பச்சைக் கோடு வந்தது... மங்கலாக, தள்ளாடிக்கொண்டு.

"வீட்டுக் கரண்ட் அலை மாதிரி. பேருக்குத்தான் 230. உச்சி 325. ஸ்கோப் உள்ளே இருக்கிற கப்பாசிட்டர் அந்த உச்சி வரைக்கும் ரொம்பும். நம்மது சதுர அலை. மலை இல்லடா, மேடு. 230-ஐத் தாண்டாது" என்றவர், 12-0-12-ஐக் கழற்றி 9-0-9-ஐ மாட்டினார். உச்சி 280 பக்கம் போயிருக்கும். வோல்டேஜை மட்டும் ஏற்றினால் இரும்புக் கோர் தாங்காது என்று ஒரு பிரிசெட்டைத் திருகி, 50 சைக்கிளை 70-ஆக்கினார். கோடு நிமிர்ந்தது. நான் கல்லூரியில் எழுதிப் பாஸான ஃபார்முலாதான். பரீட்சைக்கு வெளியே அதைப் பார்த்தது அன்றுதான்.

"இனிமே டப்பாவைத் தொட்டே, தோலை உரிச்சுடுவேன்!" கிளிப்பை மாட்டியது போர்டில் கரண்ட் ஓடும் பக்கம். பேட்டரிக்கு எர்த் தொடர்பு இல்லாததால் ஷார்ட் ஆகாது. ஆனால் ஸ்கோப்பின் டப்பாவே ஷாக் அடிக்கும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

திரையில் வரிசையாக வர வேண்டிய பல்ஸ் நடுநடுவே காணாமல் போனது. போர்டைப் பென்சிலால் தட்டத் தட்ட இடம் தெரிந்தது. ஒரே ஒரு விட்டுப்போன சால்டர்! பழைய செம்பு முனை இரும்பைச் சித்தியின் மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சி ஒற்றினார். மீட்டர் முள் 230-ல் நின்றது. மோட்டார் உறுமியது. தெருவே கைதட்டியது.

குடத்தை நிரப்பிக்கொண்டு உள்ளே போன சித்தி, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தண்ணி வந்தது சரி. அடுப்பு பூரா ஈயத்தை ஒட்ட வெச்சிருக்கீங்களே, அதை யாரு தேய்க்கிறது?"

சித்தப்பா டிப்ளமோவைப் பார்த்தார்.